வன்டன் நூடுல் சூப்: பூரணம் கல்லாகிறது, தோல் பிரிகிறது, நூடுல்ஸ் குழைகிறது. எங்கே தவறு?

#1 பித்தளைக்கரண்டி

ஹாங்காங் பாணி வன்டன் நூடுல் சூப். நான்கு பேருக்கு அளவு வேண்டும். இப்போதைய முறை இது: கடையில் அரைத்துத் தரும் பன்றிக் கொத்துக்கறி 500 கிராம், அதில் சோயா சாஸ், நல்லெண்ணெய், இஞ்சி பூண்டு விழுது. சதுரமான மெல்லிய மாவுத் தோலில் வைத்து மடித்து, கொதிக்கும் சூப்பில் போடுவது. அது வெந்ததும் அதே பாத்திரத்தில் நூடுல்ஸ்.

வரும் கோளாறுகள்:
– உள்ளே கறி கோலிக்குண்டு மாதிரி இறுகிவிடுகிறது
– பத்தில் மூன்று வாய் பிளக்கிறது
– சூப் கஞ்சித் தண்ணீர் போல் கலங்குகிறது
– மேசைக்கு வருவதற்குள் நூடுல்ஸ் ஊதிவிடுகிறது
– சூப்பில் சோயா வாசனை தவிர வேறு ருசியே இல்லை

#2 தராசுத்தட்டு

கடைசி மூன்றுக்கும் காரணம் ஒன்றே: ஒரே பாத்திரம். வன்டன் தோலின் மேல் தூவிய மாவு, நூடுல்ஸின் மாவு, அதில் இருக்கும் காரம் (மிளகாய்க் காரம் அல்ல, சோடா மாதிரி அல்கலி) எல்லாம் சூப்பில்தான் கரைகின்றன. சூப் தனி, வன்டன் வேகும் தண்ணீர் தனி, நூடுல்ஸ் வேகும் தண்ணீர் தனி. கிண்ணத்தில்தான் மூன்றும் சந்திக்க வேண்டும்.

இனி பூரணம். 48 முதல் 50 வன்டனுக்கு:

பன்றித் தோள்பட்டைக் கறி 300 கிராம் (கொழுப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக)
உரித்த இறால் 200 கிராம்
உப்பு 3 கிராம்
லைட் சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன்
ஆய்ஸ்டர் சாஸ் 2 டீஸ்பூன்
சர்க்கரை 1 டீஸ்பூன்
வெள்ளை மிளகுத்தூள் அரை டீஸ்பூன்
ஷாவ்ஷிங் அரிசி மது 1 டேபிள்ஸ்பூன்
இஞ்சி, வெங்காயத்தாள் ஊறிய குளிர்ந்த தண்ணீர் 45 மில்லி
சோள மாவு 1 டீஸ்பூன்
வறுத்த எள் எண்ணெய் 2 டீஸ்பூன்

சாஸ்களில் இருக்கும் உப்பையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 7 கிராம் வரும். 500 கிராம் கறிக்கும் இறாலுக்கும் அது 1.4 சதவீதம். வேறு சாஸ் போடுபவர்கள் இந்த மொத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு உப்பைக் கூட்டிக் குறைக்கவும். ஒரு டேபிள்ஸ்பூன் லைட் சோயாவில் சுமார் 2.5 கிராம் உப்பு இருக்கிறது. டார்க் சோயா வேண்டாம், அது நிறத்துக்கு மட்டும்தான்.

கறி கோலிக்குண்டு ஆவதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, கொழுப்பில்லாத கறி. கடையில் "நல்ல கறி" என்று தனியாக எடுத்து அரைத்துத் தருவது பெரும்பாலும் காலின் சதைப்பகுதி, அது இதற்கு ஆகாது. இரண்டாவது, தண்ணீர் சேர்க்காதது. மூன்றாவது, அதிக நேரம் கொதிக்கவிடுவது.

கலக்கும் வரிசை முக்கியம். கறி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கட்டும். முதலில் உப்பை மட்டும் போட்டுக் கையாலோ மரக்கரண்டியாலோ 2 நிமிடம் கலக்குங்கள். கறி பிசுபிசுத்துப் பாத்திரத்தின் ஓரத்தில் இழுபட ஆரம்பிக்கும். உப்பு கறியின் புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது, அந்தப் பசைதான் பிறகு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதன் பிறகு இஞ்சித் தண்ணீரை ஒரு ஸ்பூனாக, முன்பு ஊற்றியது முழுதும் உறிஞ்சிய பின்பே அடுத்ததை ஊற்றுங்கள். பிறகு சாஸ், மது, சர்க்கரை, மிளகு, சோள மாவு. எண்ணெய் கடைசியில். முதலிலேயே எண்ணெயை ஊற்றினால் கறி தண்ணீரைக் குடிக்காது.

ஒரே திசையில்தான் கலக்க வேண்டும் என்பதை எல்லாரும் சாஸ்திரம் போலச் சொல்வார்கள். திசை மாறினால் குடி முழுகிவிடாது. நிறுத்தாமல் கலப்பதும் கறி சூடேறாமல் இருப்பதும்தான் விஷயம். கறி சூடேறினால் கொழுப்பு உருகிப் பூசிக்கொள்ளும், வெந்ததும் பூரணம் மணல் மணலாக உதிரும்.

#3 கூனிக்கருவாடு

பூண்டு விழுதைப் பற்றித் தராசு ஒன்றும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எடுத்துவிடுங்கள். கான்டனீஸ் (குவாங்சோ, ஹாங்காங் பக்கத்து) வன்டனில் பச்சைப் பூண்டு கிடையாது. இஞ்சியும் விழுதாக வேண்டாம், நசுக்கித் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து வடிகட்டிய சாறு போதும்.

நல்லெண்ணெய் அதைவிடப் பெரிய தவறு. நம் செக்கில் ஆட்டுவது வறுக்காத எள், கருப்பட்டியும் சேரும். சீன எள் எண்ணெய் நன்றாக வறுத்த எள்ளில் எடுப்பது, கருஞ்சிவப்பாக இருக்கும். பெயர் ஒன்றானாலும் வாசனை வேறு. கிடைக்கவில்லை என்றால் வெள்ளை எள் 2 டேபிள்ஸ்பூன் எடுத்து, சிறு தீயில் பொன்னிறம் தாண்டி லேசாகச் சிவக்கும்வரை வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து, 50 மில்லி கடலை எண்ணெயில் போட்டு 5 நிமிடம் மிதமாகச் சூடாக்கி, ஆறியதும் வடிகட்டிக்கொள்ளுங்கள். முழுப் பொருத்தம் இல்லை, ஆனால் நல்லெண்ணெயைவிடப் பல மடங்கு பரவாயில்லை.

#4 பித்தளைக்கரண்டி

நன்றி. இறாலை அரைத்துக் கலப்பதா, துண்டாகவா? இறாலே இல்லாமல் முழுக்கப் பன்றியில் செய்தால் அது வன்டன்தானா?

#5 செராங்கூன் மீ

ஹாங்காங்கில் இறால்தான் முன்னே நிற்கும், பன்றி அதைப் பிடித்துவைக்கும் பசை மாதிரி. சிங்கப்பூர், மலேசியாவின் வன்டன் மீயில் பன்றிதான் அதிகம், வன்டனும் சின்னது. ஷாங்காயில் பெரிய வன்டனுக்குப் பன்றியும் ஷெப்பர்ட்ஸ் பர்ஸ் என்ற கீரையும் போடுவார்கள், இறால் கட்டாயமில்லை. ஆக, முழுப் பன்றியிலும் தாராளமாகச் செய்யலாம்.

பன்றியும் வேண்டும், வாய்க்குக் கரகரப்பும் வேண்டும் என்றால் அதே கடைகளில் கிடைக்கும் சுய் காவ் செய்யுங்கள். கொழுக்கட்டை மாதிரி அரைவட்டம், வன்டனைவிடப் பெரியது. பன்றி 350 கிராம், இறால் 100, ஊறவைத்துப் பொடியாக அரிந்த மரக்காதுக் காளான் 40, மூங்கில் குருத்து 60. ஒன்றுக்கு 18 முதல் 20 கிராம் பூரணம் வைக்கலாம். மூங்கில் குருத்தை 3 நிமிடம் கொதிக்கவிட்டுப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் வாசம் மற்றதை எல்லாம் அமுக்கிவிடும்.

இறாலை அரைக்கக் கூடாது. பாதியை 1 சென்டிமீட்டர் துண்டாக வெட்டுங்கள், மீதிப் பாதியைக் கத்தியின் பக்கவாட்டால் நசுக்கி இரண்டு கொத்துக் கொத்துங்கள். நசுக்கியது ஒட்டும், துண்டு கடிபடும்.

கடையில் கிடைக்கும் அந்த நறுக்கென்ற கடிக்கு ஒரு சிறு வேலை இருக்கிறது. 200 கிராம் இறாலுக்குப் பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தண்ணீர் 2 டேபிள்ஸ்பூன். பிசறி 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைக்கவும். பிறகு குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் 5 நிமிடம் அலசி, துணியில் ஒற்றி, மேற்பரப்பில் ஈரமே இல்லாமல் செய்யவும். அலசல் போதாவிட்டால் சோப்பு வாசம் அடிக்கும். துடைப்பது போதாவிட்டால் பூரணம் நீர்த்துவிடும்.

#6 நாற்பது_மடிப்பு

தோல் பிரிவதற்கு வருகிறேன்.

பாக்கெட் தோல் 8 முதல் 9 சென்டிமீட்டர் சதுரம். அதில் 12 கிராம் பூரணம், அதாவது குவியலாக ஒரு டீஸ்பூனும் கொஞ்சமும். ஆசைப்பட்டு 18 வைத்தால் பிளக்கத்தான் செய்யும். ஓரத்தில் தண்ணீர் தடவும்போது விரலை நனைத்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சொட்டச் சொட்டத் தடவினால் தோல் ஒட்டாது, வழுக்கும். பூரணம் ஓரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் ஒட்டவே ஒட்டாது, எண்ணெய் இருக்கிறதே.

மூடும்முன் பூரணத்தைச் சுற்றி விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே மாட்டிய காற்று சூட்டில் விரிந்து தோலைக் கிழிக்கும். கிழியாவிட்டாலும் தோலுக்கும் கறிக்கும் நடுவே இடைவெளி விழும், சாறு வெளியே போய்விடும்.

மடிப்பில் குழம்ப வேண்டாம். ஹாங்காங் கடைகளில் பெரும்பாலும் கைக்குள் வைத்துச் சுருக்குப்பை போல ஒரே பிடி, ஓரங்கள் தொங்கிக்கொண்டு தங்கமீன் வால் மாதிரி இருக்கும். புதிதாகச் செய்பவர்களுக்கு முக்கோணமாக மடித்து இரு முனைகளையும் குறுக்கே இணைப்பது பத்திரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மடித்த வன்டனை அரை மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள். பூரணத்தின் ஈரம் தோலில் இறங்கி அடிப்பகுதி தட்டோடு ஒட்டும், தூக்கினால் ஓட்டை. தட்டில் சோள மாவு தூவி வையுங்கள். மைதா தூவினால் அது ஈரத்தை இழுத்துப் பசையாகும்.

ஃப்ரீசரில் வைப்பதானால் ஒன்றோடொன்று படாமல் தட்டில் 2 மணி நேரம் உறையவிட்டுப் பிறகு பையில் போடுங்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும். எடுத்ததும் அப்படியே கொதிநீரில் போட வேண்டும். உருகவிட்டால் கூழ்தான்.

#7 தராசுத்தட்டு

மடிப்பு சொன்னதோடு வேகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தடவைக்கு 15 வன்டனுக்கு மேல் வேண்டாம். தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, அடியில் ஒட்டாமல் கரண்டியின் முதுகால் ஒருமுறை தள்ளிவிட்டு, மீண்டும் கொதி வந்ததும் தீயைக் குறைக்கவும். புதியது 3 முதல் 4 நிமிடம், உறைந்தது 5 முதல் 6. சுய் காவ் 6 நிமிடம். மிதப்பதை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே காற்றிருந்தால் வேகாமலே மிதக்கும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ். இல்லையென்றால் ஒன்றை வெட்டிப் பாருங்கள், நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது.

உப்புப் பார்ப்பதற்குப் பச்சைப் பூரணத்தை நாக்கில் வைக்க வேண்டாம். நெல்லிக்காய் அளவு எடுத்துக் கொதிநீரில் வேகவைத்துச் சுவையுங்கள். உப்பு மட்டுமல்ல, இறுகுகிறதா உதிர்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இறுகினால் இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர், உதிர்ந்தால் இன்னும் இரண்டு நிமிடக் கலக்கல்.

#8 செராங்கூன் மீ

சூப். இதில்தான் பல வீட்டுச் சமையல்கள் தோற்கின்றன. பலர் கோழி சூப்பில் வன்டனைப் போட்டுவிட்டு இதுதான் அது என்கிறார்கள். குவாங்சோ, ஹாங்காங் கடைகளின் வாசம் காய்ந்த தட்டை மீனிலிருந்து வருவது. கான்டனீஸில் தாய் தேய் யூ, சிங்கப்பூரில் தியோச்சூ என்ற சீனப் பேச்சில் தீ போ. நாக்குமீன் மாதிரித் தட்டையாக இருப்பதைக் காயவைத்தது.

பன்றிக் கால் எலும்பும் கழுத்தெலும்பும் 1 கிலோ
கோழி எலும்புக்கூடு 400 கிராம்
தண்ணீர் 3.5 லிட்டர்
இஞ்சி 30 கிராம், நசுக்கியது
காய்ந்த தட்டை மீன் 40 கிராம்
காய்ந்த இறால் 25 கிராம்
பூரணத்துக்கு உரித்த இறாலின் தலையும் ஓடும்
வெள்ளை மிளகு 1 டீஸ்பூன், இடித்தது
கல்கண்டுச் சர்க்கரை 10 கிராம்

எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்தபின் 5 நிமிடம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எலும்பில் ஒட்டிய கறுப்புத் திரளை எல்லாம் குழாயடியில் தேய்த்துக் கழுவுங்கள். கொதிநீரில் போட்டால் அழுக்கு வெளியேறாமல் உள்ளேயே உறைந்துவிடும், அதனால்தான் பச்சைத் தண்ணீர். பிறகு புதுத் தண்ணீர், இஞ்சி, கோழி. ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழும் தீயில், மூடியைச் சற்றே திறந்துவைத்து, 3 மணி நேரம். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு உடைந்து தண்ணீரோடு கலந்து சூப் பால் நிறமாகும். சில ஊர்ச் சூப்புகளுக்கு அதுதான் வேண்டும், இதற்கு வேண்டாம்.

தட்டை மீனை நேர்த் தீயில் சிறிது தூரத்தில் காட்டியோ 150 டிகிரி ஓவனில் 10 முதல் 15 நிமிடம் வைத்தோ பழுப்பாக வறுக்கவும். நடு முள்ளையும் கறுகிய ஓரங்களையும் எடுத்துவிடுங்கள். சூப் கசப்பதற்கு முதல் சந்தேகம் இந்தக் கறுகல்மேல்தான். மீன், காய்ந்த இறால், வாணலியில் சிவக்க வறுத்த இறால் ஓடு, மிளகு ஆகியவற்றை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டிக் கடைசி 45 நிமிடத்துக்கு மட்டும் உள்ளே விடுங்கள். முதலிலிருந்தே கிடந்தால் மணம் போய்க் கவிச்சி மட்டும் மிஞ்சும்.

வடிகட்டினால் ஏறக்குறைய 2.3 லிட்டர் வரும். உப்பு அதன்பிறகே, லிட்டருக்கு 9 கிராம். தனியாகக் குடித்தால் ஒரு இழை தூக்கலாகத் தெரிய வேண்டும், நூடுல்ஸும் வன்டனும் சேரும்போது சரியாகிவிடும். சோயா சாஸ் சூப்பில் ஊற்றுவதில்லை. அன்னாசிப்பூ, பட்டை பக்கமே போகாதீர்கள்.

#9 கூனிக்கருவாடு

சென்னையிலோ மதுரையிலோ காய்ந்த தட்டை மீனைத் தேடி அலைவதற்குப் பதில்: சென்னாக்குன்னி 25 கிராம், தலையும் குடலும் எடுத்த நெத்திலிக் கருவாடு 20 கிராம். நெத்திலியை உப்புப் போக 10 நிமிடம் ஊறவைத்து, அலசி, துடைத்து, வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து மூட்டையில் கட்டுங்கள். உப்புக் கருவாடு என்பதால் லிட்டருக்கு 9 கிராம் கணக்கை அப்படியே போடாமல் 6 கிராமில் ஆரம்பித்துச் சுவை பார்த்து ஏற்றவும். வஞ்சிரக் கருவாடு, சுறாக் கருவாடு எல்லாம் வேண்டாம், வாசம் குழம்புக்குப் போய்விடும்.

பிரஷர் குக்கரில் வைக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். வைக்கலாம். விசில் வந்தபின் தீயை மிகவும் குறைத்து, மறுபடி விசில் வராத அளவில் ஒரு மணி நேரம். அணைத்தபின் தானாக அழுத்தம் இறங்கட்டும். அழுத்தம் நிலையாக இருந்தால் உள்ளே கொதிப்பு அடங்கியிருக்கும், சூப் தெளிவாக வரும். விசில்மேல் விசில் விட்டாலும் வெயிட்டைத் தூக்கி ஆவியைத் திறந்துவிட்டாலும் உள்ளே குபீரென்று கொதித்துக் கலங்கும். கருவாட்டு மூட்டையை மட்டும் குக்கரைத் திறந்தபின் போட்டு, மூடாமல் அரை மணி நேரம் சிறுதீயில் வையுங்கள்.

அஜினோமோட்டோ கால் டீஸ்பூன் போட்டால் போலீஸ் வராது. கருவாட்டில் இருக்கும் இனோசினேட், அஜினோமோட்டோவில் இருக்கும் குளுட்டமேட் என்ற இரண்டு சுவைப் பொருளும் சேர்ந்தால் சுவை தனித்தனியாக இருப்பதைவிட அதிகம். கடைக்காரர் போடுகிறார், நாம்தான் ஒளிந்துகொண்டு போடுகிறோம்.

#10 நாற்பது_மடிப்பு

அஜினோமோட்டோ வேண்டாம் என்பது என் கட்சி. எலும்பும் கருவாடும் இந்த அளவில் இருந்தால் தேவையே இல்லை. சூப் சப்பென்று இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் கூடியிருக்கும், அல்லது உப்புக் குறைந்திருக்கும்.

#11 மாவுக்கை

நூடுல்ஸைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. இந்தக் கிண்ணத்தின் பாதி அதுதான்.

ஊதிப்போவதற்குக் காரணம் தவறான நூடுல்ஸ். வன்டன் நூடுல்ஸ் காரத்தண்ணீரும் வாத்து முட்டையும் சேர்த்துப் பிசைந்த மெல்லிய இழை. பழைய முறையில் பெரிய மூங்கில் கழியின் ஒரு முனையைச் சுவரோரம் பொருத்தி, மறுமுனையில் ஆள் உட்கார்ந்து குதித்துக் குதித்து மாவை அழுத்துவார்கள். மாவு அவ்வளவு வறண்டிருக்கும், கைக்கு அடங்காது. காரம் மாவின் பசையத்தை (குளூட்டனை) இறுக்குவதால்தான் சூடான சூப்பிலும் நூடுல்ஸ் நிமிர்ந்து நிற்கிறது. மஞ்சள் நிறத்துக்கும் பாதிக் காரணம் அந்தக் காரம்தான். மஞ்சள்தூள் போட்டு நிறம் வாங்கலாம், கடியை வாங்க முடியாது.

வீட்டில் காரம் செய்யும் வழி: பேக்கிங் சோடாவை ஓவன் தட்டில் பரப்பி 140 டிகிரியில் ஒரு மணி நேரம். ஆவியும் கரியமிலவாயுவும் போய்ச் சோடியம் கார்பனேட் மிஞ்சும். 100 கிராம் போட்டால் சுமார் 63 கிராம் கிடைக்க வேண்டும், எடை அதைவிட அதிகமாக இருந்தால் இன்னும் முடியவில்லை. தோலை அரிக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள். காற்றுப் புகாத பாட்டிலில் பெயர் எழுதி வையுங்கள்.

நான்கு பேருக்குத் தாராளமாக:
பிரெட் மாவு 400 கிராம் (புரதம் 12 சதவீதம் அளவில்)
வாத்து முட்டை 2, ஓடு நீக்கி ஏறத்தாழ 120 கிராம்
தண்ணீர் 30 கிராம்
சோடியம் கார்பனேட் 4 கிராம்
உப்பு 4 கிராம்

காரத்தையும் உப்பையும் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, முட்டையோடு அடித்து, மாவில் ஊற்றிப் பிசிறுங்கள். புட்டு மாவு மாதிரிதான் வரும். பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது! பிடித்தால் பிடிபட வேண்டும், அவ்வளவே. கவரில் கட்டி 1 மணி நேரம் வைத்தால் ஈரம் சமமாகப் பரவும். பிறகு பாஸ்தா மிஷினில் அகலமான இடைவெளியில் விட்டு, மடித்து, மீண்டும் விட்டு, ஆறு தடவை. முதல் இரண்டு தடவை கந்தலாகத்தான் வரும். 1 மில்லிமீட்டருக்கு இறக்கி, மெல்லிய கட்டரில் வெட்டி, சோள மாவு தூவிச் சுருட்டி, மூடி ஒரு நாள் ஃப்ரிட்ஜில். அன்றே வேகவைத்தால் கார வாசம் தூக்கலாக இருக்கும்.

மைதாவில் செய்தால் வரும், ஆனால் கடி குறையும். ஆட்டா மாவு வேண்டாம், தவிடு பசையத்தை வெட்டும், இழை அறுந்துபோகும்.

#12 பித்தளைக்கரண்டி

பாஸ்தா மிஷின் இல்லை. பாக்கெட்டில் வரும் ஹக்கா நூடுல்ஸை வைத்து ஒப்பேற்ற முடியுமா?

#13 மாவுக்கை

பாக்கெட்டின் பொருள் பட்டியலைப் பாருங்கள். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட், அல்லது 500, 501 என்ற எண் இருந்தால் அது காரம் சேர்த்த நூடுல்ஸ், மெல்லியதாகத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் மிக மெல்லிய ஸ்பகெட்டியை எடுத்து, 1 லிட்டர் தண்ணீருக்குப் பேக்கிங் சோடா 2 டீஸ்பூன் போட்டு வேகவையுங்கள். பால் மாதிரிப் பொங்கும், பெரிய பாத்திரம் வேண்டும். பிறகு அலசியே தீர வேண்டும்.

அலசுவதற்கு ஹாங்காங்கில் ஒரு பெயர் உண்டு: குவோ லாங் ஹோ, குளிர்ந்த ஆற்றைக் கடக்கவைப்பது. புது நூடுல்ஸ் ஒரு ஆளுக்கு 80 முதல் 100 கிராம். உதறிப் பிரித்துக் கொதிக்கும் தண்ணீரில் 40 முதல் 50 விநாடி. உடனே வடிதட்டில் எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி, மீண்டும் 10 விநாடி கொதிநீரில் முக்கி, நன்றாக உதறிக் கிண்ணத்துக்கு. குளிர்நீர் மேலே ஒட்டிய மாவையும் காரத்தையும் கழுவும், வேகுவதையும் அங்கேயே நிறுத்தும். கடைசி முக்கல் சூட்டுக்காக மட்டும். அதை விட்டுவிட்டால் குளிர்ந்த நூடுல்ஸ் சூப்பின் சூட்டை இறக்கிவிடும்.

#14 செராங்கூன் மீ

கிண்ணத்தில் அடுக்கும் வரிசைக்கும் காரணம் இருக்கிறது. அடியில் உருக்கிய பன்றிக் கொழுப்பு 1 டீஸ்பூன், வறுத்த எள் எண்ணெய் நாலு சொட்டு, ஒரு அங்குலமாக வெட்டிய மஞ்சள் குச்சாய் (பூண்டு வாசமுள்ள சீனத் தாள்). குச்சாய் கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. அதன்மேல் வன்டன், பிறகு சூப், நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் மேலே, பாதி சூப்புக்கு வெளியே தெரிகிற மாதிரி. நூடுல்ஸ் அடியில் போனால் சூட்டில் மூழ்கி வெந்துகொண்டே இருக்கும். சாய் யோங் என்று ஹாங்காங்கில் சொல்லும் சின்னக் கிண்ணத்தில் நாலு வன்டன், ஒரு கைப்பிடி நூடுல்ஸ்தான். அளவு குறைவாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. நூடுல்ஸ் ஊதுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம்.

பக்கத்தில் சிவப்பு வினிகர் வைப்பது அங்கே வழக்கம். கொஞ்சம் நூடுல்ஸைச் சாப்பிட்ட பிறகே ஊற்றிக்கொள்ளுங்கள், காரத்தின் மிச்ச வாசத்தை அது அடக்கும். சிங்கப்பூர், மலேசியாப் பழக்கத்தில் ஊறிய பச்சை மிளகாய்: மிளகாய் 100 கிராமை வட்டமாக நறுக்கி, கொதிநீர் ஊற்றி அரை நிமிடத்தில் வடித்து, வினிகர் 120 மில்லி, சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். மறுநாள் எடுக்கலாம்.

#15 நீலக்கிண்ணம்

இடையில் வருகிறேன். பன்றிக்குப் பதில் கோழியில் செய்பவர்களுக்கு? தோலும் வீட்டிலேயே செய்ய அளவு இருந்தால் போடவும்.

#16 நாற்பது_மடிப்பு

கோழி என்றால் தொடைக்கறி, தோலோடு கொத்தியது. தோலில்லாமல் என்றால் 300 கிராமுக்கு எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன் கூடுதலாக. நெஞ்சுக்கறி வறளும். தண்ணீர் 45க்குப் பதில் 30 மில்லி.

தோலுக்கு: மைதா 250 கிராம், முட்டை 1, தண்ணீர் 65 முதல் 70 மில்லி, உப்பு 2.5 கிராம். மாவுக்கை சொன்ன சோடியம் கார்பனேட் இருந்தால் 1 கிராம். சப்பாத்தி மாவைவிட நன்றாகக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் மூடி வைத்து, முக்கால் மில்லிமீட்டருக்கு உருட்டி, 8.5 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டவும். கீழே வைத்த செய்தித்தாளின் பெரிய எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பதம் சரி. மோமோவுக்கு உருட்டும் தடிமனில் விட்டால் வெந்தபின் மாவுதான் வாயில் இருக்கும்.

#17 பித்தளைக்கரண்டி

கடைசிக் கேள்வி. அடுப்பில் இரண்டு பர்னர்தான். சூப், வன்டன், நூடுல்ஸ் என மூன்று பாத்திரத்தை எப்படி ஓட்டுவது? நாலு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும்.

#18 தராசுத்தட்டு

சூப் ஒரு பர்னரில், மூடி, கொதிக்காமல் ஆவி பறக்கும் சூட்டில். மற்றதில் 4 லிட்டர் தண்ணீர். மின்கெட்டிலில் தனியாக வெந்நீர், சிங்க்கில் ஐஸ் போட்ட தண்ணீர் ஒரு பாத்திரம். கிண்ணங்களில் முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வையுங்கள்.

முதலில் வன்டன், இரண்டு தவணையாக. முதல் தவணை வெந்ததும் எடுத்து இரண்டு கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு கரண்டி சூடான சூப் ஊற்றிவிடுங்கள், தோல் காயாது, ஒன்றோடொன்று ஒட்டாது. இரண்டாவது தவணையும் அப்படியே. பிறகு அதே தண்ணீரில் நூடுல்ஸ், ஒரு தடவைக்கு இரண்டு ஆளுக்கு மட்டும். நாலு ஆளுக்கும் சேர்த்துப் போட்டால் கொதி அடங்கி நூடுல்ஸ் பசையாகும். 45 விநாடி, ஐஸ் தண்ணீர், பிறகு கடைசி முக்கலை மட்டும் கெட்டில் வெந்நீரில் செய்யுங்கள், பாத்திரத்துத் தண்ணீர் இதற்குள் மாவாகியிருக்கும். சூப்பைக் கொதி வரவிட்டு ஆளுக்கு 350 மில்லி. அதன்மேல் நூடுல்ஸ்.

முதல் வன்டன் தண்ணீரில் விழுந்ததிலிருந்து நாலாவது கிண்ணம்வரை 13 முதல் 15 நிமிடம். குச்சாய் நறுக்குவது, கொழுப்பை உருக்குவது எல்லாம் அதற்குமுன் முடிந்திருக்க வேண்டும். சாப்பிடுபவர்களை முதலிலேயே உட்கார வைத்துவிடுங்கள்.

மீந்த சூப்பை அகலப் பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரீசரில் வைக்கலாம். வெந்த நூடுல்ஸை எடுத்துவைக்க வழியில்லை.